வைட்டமின் சி-யைக் கெடுப்பது காற்று மட்டும்தானா?

காற்றுப் பட்டால் வைட்டமின் சி கெட்டுவிடும் என்று பள்ளிப் பாடத்திலிருந்து சமையல் குறிப்பு வரை எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறது. தப்பென்று சொல்ல முடியாது, ஆனால் பாதிதான் சரி. நன்றாகச் சுத்திகரித்த, உலோகத்தின் சுவடே இல்லாத நடுநிலை நீரில் வைட்டமின் சி-யைக் கரைத்துத் திறந்து வையுங்கள். ஆக்சிஜன் தாராளமாக இருந்தும் அது அசைய மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கும். அதே நீரில் லிட்டருக்கு 0.06 மில்லிகிராம் செம்பு கலந்துவிட்டால் கதையே மாறிவிடும். குடிநீரில் 2 மில்லிகிராம் வரை செம்பு இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அப்படியென்றால், குடிக்க எந்தக் குறையும் இல்லாத தண்ணீரில்கூட இந்த வேலைக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு செம்பு இருக்கலாம்.

அந்தத் துளி உலோகம் என்ன செய்கிறது? அதைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்டால் ஏன் சில சமயம் வேலை நிற்கிறது, சில சமயம் இன்னும் வேகமாகிறது? பிளஸ் டூ வேதியியல் கொஞ்சம் நினைவிருந்தால் போதும், தொடர்ந்து படிக்கலாம்.

வைட்டமின் சி எதை இழக்கிறது?

வைட்டமின் சி-யின் வேதிப்பெயர் அஸ்கார்பிக் அமிலம். ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி 1928-இல் இதைப் பிரித்தெடுத்தார், 1937-இல் மருத்துவ நோபல் பெற்றார். இதன் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான நார்மன் ஹவொர்த்துக்கு அதே ஆண்டு வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது. ஐந்து அணுக்கள் கொண்ட சின்ன வளையம், அதில் ஓர் இரட்டைப் பிணைப்பு, அந்த இரட்டைப் பிணைப்பின் இரண்டு கார்பன்களிலும் ஆளுக்கொரு ஹைட்ராக்சில் தொகுதி. நமக்கு வேண்டியது இந்தப் பகுதிதான். எலக்ட்ரான் போவதும் இங்கிருந்துதான், உலோகம் வந்து ஒட்டுவதும் இங்கேதான்.

இந்த இரண்டு ஹைட்ராக்சில்களும் அமிலத்தன்மை உள்ளவை. ஒன்று பிஎச் 4 வாக்கிலேயே தன் புரோட்டானை விட்டுவிடும். மற்றது பிஎச் 11-க்கு மேல் போனால்தான் விடும். ஆகவே எலுமிச்சைச் சாறு போன்ற புளிப்பான கரைசலில் வைட்டமின் சி முழு அமிலமாக இருக்கும். நடுநிலை நீரில் ஏறக்குறைய அனைத்தும் ஒரு புரோட்டானை இழந்த அஸ்கார்பேட் அயனியாகிவிடும். இரண்டையும் இழந்த வடிவம் பிஎச் 7-இல் லட்சத்தில் இரண்டு என்ற கணக்கில்தான் இருக்கும். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஆக்சிஜனேற்றம் என்றால் இங்கே இரண்டு எலக்ட்ரான்களை இழப்பது. இரண்டும் சேர்ந்து போவதில்லை, ஒவ்வொன்றாகத்தான் போகும். முதல் எலக்ட்ரான் போனதும் கிடைப்பது அஸ்கார்பில் தனி உறுப்பு. தனி உறுப்பு என்றாலே கண்டதையெல்லாம் கடித்துக் குதறும் என்று நினைப்போம். இது அப்படியில்லை, படு சாது. ஜோடி இல்லாமல் தனித்து நிற்கும் எலக்ட்ரான் வளையம் முழுக்கப் பரவிக்கிடப்பதால் அதற்கு அவசரம் கிடையாது. இப்படி இரண்டு சந்தித்தால் தங்களுக்குள்ளேயே கணக்கை முடித்துக்கொள்ளும்: ஒன்று எலக்ட்ரானைப் பெற்றுப் பழையபடி அஸ்கார்பேட்டாகும், மற்றது எலக்ட்ரானைக் கொடுத்து டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலமாகும்.

இதுவரை எதுவும் கைவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலத்தை நம் உடல் மறுபடி வைட்டமின் சி-யாக மாற்றிக்கொள்ளும். ஆனால் நடுநிலை நீரில், உடல் வெப்பநிலையில் அது நிமிடக் கணக்கில்தான் தாங்கும். தண்ணீர் புகுந்து வளையத்தைத் திறந்துவிட்டால் டைகீட்டோகுலோனிக் அமிலம் என்ற ஒன்று வரும். அதற்கப்புறம் திரும்பி வர வழியில்லை. சத்து உண்மையில் தொலைவது இந்த இடத்தில்.

ஆக்சிஜனுக்கு என்ன தயக்கம்?

ஆக்சிஜன் மூலக்கூறில் ஜோடி சேராத எலக்ட்ரான்கள் இரண்டு, ஒரே திசையில் சுழல்பவை. சாதாரண கரிமப் பொருட்களில் எலக்ட்ரான்கள் எல்லாம் எதிரெதிர்ச் சுழற்சியில் ஜோடியாக இருப்பவை. இந்தப் பொருத்தமின்மையால் ஆக்சிஜன் ஒரு ஜோடியை அப்படியே வாங்கிக்கொள்ள முடியாது, ஒவ்வொன்றாகத்தான் வாங்க முடியும். நாமெல்லாம் காற்றில் பற்றி எரியாமல் நடமாடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த முதல் எலக்ட்ரான்தான் சிக்கல். மின்னழுத்த எண்களைப் பார்த்தால் தெளிவாகும். பிஎச் 7-இல் அஸ்கார்பேட் தன் முதல் எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் பிடி சுமார் +0.28 வோல்ட். ஆக்சிஜன் தன் முதல் எலக்ட்ரானை வாங்கி சூப்பர்ஆக்சைடாக மாறும் இழுப்பு சுமார் −0.16 வோல்ட். எண் எந்தப் பக்கம் பெரிதோ, எலக்ட்ரான் அந்தப் பக்கம் இருக்கவே விரும்பும். ஆக, முதல் அடி மேடு. மொத்த வினையையும் பார்த்தால் இறக்கம்தான், ஆக்சிஜன் ஹைட்ரஜன் பெராக்சைடாகி முடியும்போது ஆற்றல் மிச்சமாகவே இருக்கும். ஆனால் மேட்டில் ஏறாமல் இறக்கத்துக்குப் போக முடியாது.

இரண்டு புரோட்டானையும் இழந்த வடிவத்துக்கு மட்டும் இந்த மேடு குறைவு, அதன் பிடி பூஜ்யத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அது லட்சத்தில் இரண்டு பேர். அதனால்தான் உலோகமே இல்லாத நீரில் வைட்டமின் சி மிக மிக மெதுவாகக் குறைகிறது. காரத்தன்மை கூடக் கூட அந்த வடிவம் பெருகி, உலோகத்தின் உதவி இல்லாமலேயே வேகம் ஏறும்.

கைமாற்று

செம்பும் இரும்பும் இடைநிலை உலோகங்கள். செம்பு 2+ ஆகவும் 1+ ஆகவும் இருக்கும், இரும்பு 3+ ஆகவும் 2+ ஆகவும் இருக்கும். ஓர் எலக்ட்ரான் வந்தாலும் சரி, போனாலும் சரி, அவற்றுக்கு அலட்டல் இல்லை. இந்தக் குணத்தால்தான் அவை இடையில் நின்று வேலையை முடித்துத் தருகின்றன: வைட்டமின் சி-யிடம் கைமாற்றாக ஓர் எலக்ட்ரானை வாங்கி, ஆக்சிஜனிடம் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு மறுபடி வைட்டமின் சி-யிடம் வந்து நிற்கும். உலோகம் செலவாவதில்லை. அதனால்தான் ஒரு துளி போதும்.

படிப்படியாகச் சொன்னால், செம்பு 2+ அஸ்கார்பேட்டிடம் ஓர் எலக்ட்ரானை வாங்கி 1+ ஆகிறது, அஸ்கார்பில் தனி உறுப்பு உருவாகிறது. செம்பு 1+ ஆக்சிஜனிடம் அதைக் கொடுத்து 2+ ஆகத் திரும்புகிறது, ஆக்சிஜன் படிப்படியாக ஹைட்ரஜன் பெராக்சைடாகிறது. சுழற்சி மறுபடி தொடங்குகிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாங்கவும் மனம் வேண்டும், திருப்பிக் கொடுக்கவும் மனம் வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் அது வினையூக்கி ஆகாது. துத்தநாகம், கால்சியம், மெக்னீசியம் போன்றவை நீரில் ஒரே ஆக்சிஜனேற்ற நிலையில்தான் இருக்கும், எலக்ட்ரானை வாங்கவே மாட்டா. எனவே அவை வைட்டமின் சி-யை இந்த வழியில் கெடுப்பதில்லை. “தண்ணீரில் உப்பு அதிகம், அதனால் சத்து போய்விடும்” என்று சிலர் பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் இதனால்தான் எனக்கு உடன்பாடில்லை. எந்த உலோகம் என்பதுதான் கேள்வி, எவ்வளவு உப்பு என்பது அல்ல.

இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1936-லேயே பாரன், டிமெயோ, கிளெம்பரர் என்ற மூவரும் செம்பு இல்லாவிட்டால் பிஎச் 7.6-க்குக் கீழே அஸ்கார்பிக் அமிலம் தானாக ஆக்சிஜனேற்றம் அடைவதில்லை என்று எழுதிவிட்டார்கள். ஆனாலும் பல பத்தாண்டுகளுக்கு ஆய்வகங்களில் வைட்டமின் சி “தானாகவே” கெடுவதாகத்தான் பேச்சு. காரணம் எளிது: வாங்கி வைத்த உப்புகளிலேயே இரும்பும் செம்பும் அழுக்காகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

1988-இல் அமெரிக்காவின் கேரி பூட்னர் இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினார். வைட்டமின் சி குறைவதைப் பார்த்தே நீரில் உலோக அழுக்கு இருக்கிறதா என்று சொல்லிவிடலாமே! அஸ்கார்பேட் 265 நானோமீட்டர் அலைநீளப் புற ஊதா ஒளியை நன்றாக உறிஞ்சும். கரைசலில் கொஞ்சம் அஸ்கார்பேட்டைப் போட்டு, 15 நிமிடம் அந்த உறிஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அரை சதவீதத்துக்கும் கீழே குறைந்தால் கரைசல் ஓரளவு சுத்தம். அதைவிட வேகமாகச் சரிந்தால் எங்கேயோ உலோகம் ஒளிந்திருக்கிறது. காசில்லாத, கச்சிதமான சோதனை. பெரிய கருவிகள் எல்லாம் இருக்கிற இடங்களில்கூட இன்றும் இதைச் செய்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

இரும்பைவிடச் செம்பு இந்த வேலையில் சுமார் 80 மடங்கு வேகம் என்பதும் அவருடைய அளவீடுகளில் வந்ததுதான். ஆனால் சாதாரண நீரிலும் உணவிலும் இரும்பு செம்பைவிட அதிகமாகக் கிடக்கும் என்பதால் இரும்பையும் கண்டுகொள்ளாமல் விட முடியாது.

உலோகம் தனியாக இருப்பதே இல்லை

இதுவரை “செம்பு”, “இரும்பு” என்று ஏதோ மொட்டையாக நீரில் மிதப்பவை போலப் பேசினோம். உண்மையில் அப்படி எதுவும் இல்லை. நீரில் இருக்கும் உலோக அயனியைச் சுற்றி எப்போதும் யாராவது இருப்பார்கள், வேறு யாரும் இல்லாவிட்டால் நீர் மூலக்கூறுகளே இருக்கும். உலோகத்துக்குத் தங்கள் எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து ஒட்டிக்கொள்ளும் இந்தக் கூட்டாளிகளை ஈனிகள் என்கிறோம். நடு உலோகமும் ஈனிகளும் சேர்ந்த மொத்தமும் அணைவுச் சேர்மம். ஒரே உலோகம்தான், ஆனால் ஈனி மாறினால் ஆளே மாறிவிடும். என்னைக் கேட்டால், வைட்டமின் சி விஷயத்தில் உலோகத்தின் பெயரைச் சொல்வதைவிட அது எந்த அணைவில் இருக்கிறது என்று சொல்வதுதான் அதிகம் உதவும்.

இதற்கு ஈடிடிஏ-வைவிட நல்ல சான்று கிடையாது. உலோகத்தை ஆறு இடங்களில் கவ்விப் பிடிக்கும் பெரிய ஈனி இது. ஷாம்பூவிலிருந்து டின் உணவு வரை இதைச் சேர்க்கிறார்கள், “உலோகத்தைக் கட்டிப்போடும்” என்ற நம்பிக்கையில். செம்புள்ள வைட்டமின் சி கரைசலில் ஈடிடிஏ-வைப் போட்டால் ஆக்சிஜனேற்றம் ஏறக்குறைய நின்றே போகும். சரி, இரும்புக்கும் அப்படித்தானே என்று இரும்புள்ள கரைசலில் போட்டால்? நடுநிலை நீரில் வேகம் கூடிவிடும்!

முதலில் கேட்பவருக்கு இது குழப்பமாக இருக்கும். ஆனால் காரணங்கள் நேரானவை.

நடுநிலை நீரில் இரும்பு 3+ தனியே நிற்காது. ஹைட்ராக்சைடாகத் திரண்டு, துருவாகப் படிந்துவிடும். படிந்து கிடப்பது வேலை செய்யாது. ஈடிடிஏ அதைக் கரைசலிலேயே வைத்துக்கொள்கிறது. அதாவது, தூங்கப் போன ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. அடுத்தது இடம். இரும்பு சற்றுப் பெரிய அயனி, ஈடிடிஏ ஆறு இடத்தைப் பிடித்த பின்னும் ஏழாவதாக ஒரு நீர் மூலக்கூறு ஒட்டிக்கொள்ள அங்கே இடம் இருக்கும். நீர் இருக்கிற இடத்துக்கு நீரைத் தள்ளிவிட்டு வேறொருவர் வரலாம், ஆக்சிஜனோ பெராக்சைடோ. எட்டு இடங்களில் கவ்வக்கூடிய டிடிபிஏ என்ற ஈனியைப் போட்டால் அந்தக் கடைசி இடமும் அடைபடும், இரும்பு அடங்கிவிடும். ஆய்வகத்தில் இரும்பை உண்மையாகவே கட்டிப்போட வேண்டுமென்றால் டிடிபிஏ-வையோ, டெஸ்ஃபெரியாக்சமைன் என்ற இன்னோர் ஈனியையோ போடுவது இதனால்தான்.

மூன்றாவது காரணம்தான் என் கணக்கில் முக்கியமானது: மின்னழுத்தம். ஈனி எதுவோ, அதைப் பொறுத்து உலோகம் எலக்ட்ரானை எவ்வளவு ஆசையோடு பிடித்துக்கொள்ளும் என்பது மாறும். இரும்பை மட்டும் எடுத்துக்கொள்வோம். பினாந்த்ரோலின் என்ற ஈனி மூன்று சூழ்ந்தால் இரும்பின் இழுப்பு சுமார் +1.1 வோல்ட். சயனைடு ஆறு சூழ்ந்த ஃபெரிசயனைடில் சுமார் +0.36. ஈடிடிஏ-வோடு சுமார் +0.12. டெஸ்ஃபெரியாக்சமைனோடு −0.45 வாக்கில். ஒரே இரும்புதான், ஒன்றரை வோல்ட் தூரம் பயணிக்கிறது.

இப்போது அஸ்கார்பேட்டின் +0.28-ஐயும் ஆக்சிஜனின் −0.16-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பினாந்த்ரோலின் சூழ்ந்த இரும்பு 3+ வைட்டமின் சி-யைப் பார்த்த மாத்திரத்தில் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும், கரைசல் செக்கச் சிவந்த இரும்பு 2+ அணைவாகும். ஆனால் வாங்கியதை ஆக்சிஜனுக்குத் திருப்பித் தராது. வாங்கிக் கம்பி நீட்டுகிற ரகம். அதனால் இது வினையூக்கி இல்லை. ஆனால் அந்தச் சிவப்பின் அடர்த்தியை அளந்து எவ்வளவு வைட்டமின் சி இருந்தது என்று சொல்லிவிடலாம், அப்படி ஓர் அளவீட்டு முறையே இருக்கிறது. ஃபெரிசயனைடும் கிட்டத்தட்ட இதே ஜாதி, அதன் மஞ்சள் நிறம் வைட்டமின் சி சேர்ந்ததும் வெளுக்கும். வினைவேகம் படிக்கும் கல்லூரி ஆய்வகங்களில் பிரபலமான சோதனை அது. மறுமுனையில் டெஸ்ஃபெரியாக்சமைனோடு சேர்ந்த இரும்பு 3+ வாங்குவதற்கே சம்மதிக்காது, வைட்டமின் சி எவ்வளவு கெஞ்சினாலும். இரண்டுக்கும் நடுவில் ஈடிடிஏ-இரும்பு: அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனும் இருக்கும் இரண்டு எண்களுக்கு நடுவே வாகாக உட்கார்ந்திருக்கிறது. வாங்கவும் முடியும், கொடுக்கவும் முடியும்.

செம்பை ஈடிடிஏ ஏன் நிறுத்துகிறது என்பதும் இதே வழியில் விளங்கும். செம்பு 1+ ஆனதும் அதற்குப் பிடித்த வடிவமே வேறு, நான்கு மூலைகளில் நால்வர் நிற்கும் வடிவம். ஈடிடிஏ-வின் ஆக்சிஜன் கைகள் செம்பு 2+ஐ இறுகப் பிடித்துக்கொள்ளும், 1+ஐ அவ்வளவாக மதிக்காது. 2+ நிலையில் அவ்வளவு சௌகரியமாக இருக்கும் உலோகம் ஏன் எலக்ட்ரானை வாங்கப்போகிறது?

1967-இல் தாகி கானும் ஆர்தர் மார்ட்டெலும் இந்த விஷயத்தை முறையாக அளந்து இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். முதல் கட்டுரை ஈனி சேர்க்காத செம்பு, இரும்பு அயனிகளைப் பற்றியது, இரண்டாவது கொடுக்கிணைப்பு ஈனிகள், அதாவது ஈடிடிஏ போல ஒரே உலோகத்தைப் பல இடங்களில் கவ்வுபவை, சேர்ந்தவற்றைப் பற்றியது. அவர்கள் கண்ட வேறுபாடு ரசமானது. வெறும் அயனியாக இருக்கும்போது வினைவேகம் ஆக்சிஜனின் அளவைப் பொறுத்து மாறுகிறது. அப்படியென்றால் அஸ்கார்பேட்டும் ஆக்சிஜனும் ஒரே உலோகத்தின் மேல் ஒருசேர உட்கார, எலக்ட்ரான் உலோகத்தின் வழியாக நேரே கடந்துபோகிறது என்று அவர்கள் விளக்கினார்கள். கொடுக்கிணைப்பு ஈனி சூழ்ந்துவிட்டால் வேகம் ஆக்சிஜனைக் கண்டுகொள்வதில்லை. உலோகம் எலக்ட்ரானை வாங்குகிற படிதான் மெதுவான படி. அது முடிந்த பிறகு ஆக்சிஜன் வந்து சட்டென்று எடுத்துக்கொண்டு போய்விடும். ஈனி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ அவ்வளவு வேகம் குறையும் என்பதும் அதில் தெரிந்தது.

வெள்ளரிக்காய்க்குள் ஓர் அணைவுச் சேர்மம்

மனிதன் ஈடிடிஏ செய்வதற்கு வெகு காலம் முன்பே செடிகள் இதற்கென்று ஒரு நொதியை வைத்திருக்கின்றன: அஸ்கார்பேட் ஆக்சிடேஸ். வெள்ளரி, பூசணி வகைகளில் இது நிறைய. ஒவ்வொரு புரத அலகிலும் நான்கு செம்பு அணுக்கள். ஒன்று தனியே இருந்து அஸ்கார்பேட்டிடம் எலக்ட்ரானை வாங்குகிறது, மூன்று கூட்டமாக இருந்து ஆக்சிஜனுக்குக் கொடுக்கின்றன. நான்கு எலக்ட்ரான்களையும் சேர்த்துக் கொடுப்பதால் ஆக்சிஜன் பாதி வழியில் பெராக்சைடாக நின்றுவிடாமல் நேராக நீராகிவிடுகிறது. கரைசலில் அலையும் செம்பு அயனிக்கு இந்தப் பக்குவம் கிடையாது.

முழு வெள்ளரிக்காயில் நொதியும் வைட்டமின் சி-யும் தனித்தனி இடத்தில் இருக்கும். நறுக்கியதும் இரண்டும் கலந்துவிடும், காற்றும் சேரும். காய்களை உறைய வைக்கும் தொழிற்சாலைகள் முதலில் அவற்றைக் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுப்பது இந்த மாதிரி நொதிகளைச் செயலிழக்கச் செய்யத்தான். வெந்நீரிலும் கொஞ்சம் வைட்டமின் சி போகும், ஆனால் நொதியை விட்டுவைத்தால் அதைவிட அதிகம் போகும்.

ஆக்சிஜனும் தீர்ந்துபோகும்

பலரும் மறந்துவிடும் ஒரு கணக்கு இது. 25 டிகிரியில் காற்றோடு சமநிலையில் இருக்கும் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம், அதாவது கால் மில்லிமோல். ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு பெராக்சைடாக மாற ஒரு வைட்டமின் சி மூலக்கூறு செலவாகும். வைட்டமின் சி-யின் மூலக்கூறு நிறை 176. எனவே விளிம்பு வரை நிரப்பி மூடிய ஒரு லிட்டர் பாட்டிலில் செம்பு எவ்வளவு இருந்தாலும் முதல் சுற்றில் 44 மில்லிகிராம்தான் போகும். உருவான பெராக்சைடும் வேலை செய்தால் 88 வரை போகலாம். அதற்கப்புறம் மேலும் ஆக்சிஜன் நுழைந்தால்தான் உண்டு. பழரசப் பாட்டிலில் மேலே காலி இடம் விடாமல் நிரப்புவதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது.

வீட்டில் செய்து பார்க்க விரும்புபவர்கள் சறுக்குவதும் இங்கேதான். ஒரு டம்ளரில் 500 மில்லிகிராம் மாத்திரையைப் போட்டுச் செம்பைச் சேர்த்துவிட்டு, ஒன்றுமே ஆகவில்லையே என்பார்கள். ஆகாது, அந்த டம்ளரில் அத்தனை ஆக்சிஜன் இல்லை.

சரியாகச் செய்ய, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு லிட்டரில் ஒரு மாத்திரையைக் கரைத்து, அதிலிருந்து 50 மில்லி எடுத்து மேலும் 200 மில்லி வடிநீர் சேருங்கள். இப்போது கையில் 25 மில்லிகிராம். இப்படி இரண்டு ஒரு லிட்டர் பாட்டில்கள். முக்கால் பாட்டில் காற்றாக இருக்கட்டும். இரண்டிலும் ஒரு சிட்டிகை சமையல் சோடா, புளிப்பு மாறுவதற்காக. ஒன்றில் மட்டும் கடுகளவு மயில்துத்தம், அதாவது செம்பு சல்பேட். இரண்டையும் மூடி, அவ்வப்போது குலுக்கி, ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒவ்வொன்றிலிருந்தும் 50 மில்லி எடுத்து, கொஞ்சம் ஆறிய சோற்றுக் கஞ்சி சேர்த்து, 10 சதவீத பெடாடைன் (புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து) கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். வைட்டமின் சி இருக்கிற வரை அயோடினின் நிறம் மறைந்துகொண்டே இருக்கும், தீர்ந்ததும் கஞ்சி நீலக் கருப்பாகும். கணக்குப்படி எதுவும் கெடாத கரைசலுக்கு 15 சொட்டுக்குப் பக்கத்தில் தேவைப்படும். துத்தம் போட்டதற்கு வெகு சில சொட்டுகளே போதுமாக இருக்கும். துத்தம் போடாததிலும் கொஞ்சம் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள், சோடாவிலும் மாத்திரையிலும் உலோக அழுக்கு இருக்கத்தான் செய்யும். துத்தம் விஷம். பாட்டில்களின் மேல் எழுதி ஒட்டுங்கள், வேலை முடிந்ததும் கொட்டிவிடுங்கள், அந்தப் பாட்டிலில் மறுபடி குடிக்க வேண்டாம்.

அடுக்களையிலும் கடையிலும்

எலுமிச்சைச் சாற்றில் வைட்டமின் சி தாக்குப்பிடிப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று புளிப்பு: எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் அஸ்கார்பேட் வடிவம் அங்கே குறைவு. இன்னொன்று சிட்ரிக் அமிலம், அதுவே ஓர் ஈனி, உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே சாற்றைச் செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் புளிப்பு செம்பை அரித்துக் கரைத்துக்கொண்டே இருக்கும். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் (வெள்ளீயம்) பூசாமல் புளிக் குழம்பு வைக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வது களிம்பு பற்றிய பயத்தால், வைட்டமின் சி-க்காக அல்ல. ஆனாலும் பலன் இதற்கும் சேர்த்துத்தான். செம்புப் பாட்டிலில் தண்ணீர் வைத்துக் குடிக்கிறவர்கள் அதில் எலுமிச்சையைப் பிழியாமல் இருப்பது நல்லது.

கீரையோடு எலுமிச்சை சேர்த்துக்கொள்ளச் சொல்வதிலும் இதே வேதியியல்தான், நமக்குச் சாதகமான பக்கம். காய்கறிகளில் உள்ள இரும்பு பெரும்பாலும் 3+ நிலையில் இருக்கும். வைட்டமின் சி அதற்கு எலக்ட்ரானைக் கொடுத்து 2+ ஆக்குகிறது, குடல் அதைத்தான் சுலபமாக உறிஞ்சும். சுழற்சியின் முதல் பாதி மட்டும் நடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

சுழற்சி முழுதாக நடந்தால் வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு அவ்வளவு சாதுவல்ல. இரும்பு 2+ஓடு சேர்ந்தால் ஹைட்ராக்சில் தனி உறுப்பு பிறக்கும். 1894-இல் இங்கிலாந்தில் ஹென்றி ஃபென்டன் கவனித்த வினைதான் இதற்கு ஆரம்பம். அஸ்கார்பில் போல அல்லாமல் இந்தத் தனி உறுப்பு எதிரே எது வந்தாலும் தாக்கும். வைட்டமின் சி-யை ஆக்சிஜனேற்றத் தடுப்பான் என்று விளம்பரப்படுத்துகிறவர்கள், பக்கத்தில் தளர்வான இரும்போ செம்போ இருந்தால் அது எதிர்வேலையும் பார்க்கும் என்பதைச் சொல்வதில்லை. 1954-இல் சிட்னி உடன்ஃபிரெண்ட் குழு அஸ்கார்பிக் அமிலம், இரும்பு, ஈடிடிஏ, ஆக்சிஜன் நான்கையும் ஒன்றாகக் கலந்து, பென்சீன் வளையமுள்ள சேர்மங்களில் ஹைட்ராக்சில் தொகுதியை ஏற்றிக் காட்டியது. வைட்டமின் சி இல்லாமல் அந்தக் கலவை ஓடாது.

இதன் கசப்பான உதாரணம் குளிர்பானங்களில் வந்தது. சோடியம் பென்சோயேட் பதப்படுத்தும் பொருளாகவும், அஸ்கார்பிக் அமிலம் சத்துக்காகவும் ஒரே பானத்தில் இருந்தால், நீரில் உள்ள இரும்போ செம்போ சுழற்சியைத் தொடங்கிவைக்க, பிறக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு பென்சோயேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றிவிட்டுப் பென்சீனை உருவாக்கும். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. கார்ட்னரும் லாரன்சும் 1993-இல் இந்த வினையை உலோக வினையூக்கியோடு சேர்த்து ஆய்வகத்தில் காட்டினார்கள். 2006 வாக்கில் பல நாடுகளில் இது பெரிய செய்தியாகி, நிறுவனங்கள் பானங்களின் சேர்மானத்தை மாற்றின. உருவான அளவு நூறு கோடியில் சில பங்குகளிலிருந்து சில பத்துப் பங்குகள் வரைதான், ஆனால் குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் விதித்திருக்கும் வழிகாட்டு அளவே லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். வெயிலிலும் வெப்பத்திலும் கிடக்கும் பாட்டில்களில் இது அதிகம்.

பானத் தொழிலில் இதற்கு வைத்தியமாகச் சேர்ப்பவற்றில் ஒன்று ஈடிடிஏ. புளிப்பான பானத்தில், குறிப்பாகச் செம்பின் மீது, அது பெரும்பாலும் உதவுகிறது. ஆனால் எலும்புக்கு நல்லது என்று கால்சியம் சேர்த்த பானங்களில் அதன் பலன் குறைந்துவிடும். கால்சியம் எலக்ட்ரானை வாங்காது, கொடுக்காது, வைட்டமின் சி பக்கம் தலைவைத்தும் படுக்காது. ஆனால் மலைமலையாக இருப்பதால் ஈடிடிஏ-வின் கைகளுக்குப் போட்டிக்கு வந்து, அது செம்பையும் இரும்பையும் பிடிப்பதைக் குறைத்துவிடலாம்.